பெட்ரோல் போடப் போய்வர அனுமதி வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பழைய கார் தேடி அலையும் ஒருவன், கள்ளக்குறிச்சி.

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: மோட்டார் வாகனங்கள் – பழைய கார் – எந்த வயதில் குப்பை, எந்த வயதில் பொக்கிஷம் – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அமைச்சகம் ஜூலை 2021இல் வெளியிட்ட விண்டேஜ் வாகன விதிகள். 2. அடுத்த மாதமே, 13.8.2021 அன்று, தொடங்கி வைக்கப்பட்ட வாகன அழிப்புக் கொள்கை. 3. மேற்படி இரண்டையும் ஒரே மூச்சில் படித்ததால் வந்த தலைவலி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

பழைய கார் ஒன்று வாங்கி, டிங்கர் வேலை பார்த்து, பட்டி வைத்து, பெயின்ட் அடித்து, கல்வராயன் மலையில் ஒருமுறையாவது ஏற்றி இறக்க வேண்டும் என்பது இந்த எளியவனின் ஆசை. அதற்குத் தடையாக நிற்பது பணமா என்றால், அது இல்லை என்பது தனிக் கதை. தாங்கள் இயற்றிய விதிகளை நான் படித்துத் தொலைத்ததுதான் தடை. படிக்காதவர்கள் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் தேடுவது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அம்பாசடர் உத்தர்பாராவில் பிறந்தது, பியட் பம்பாய் குர்லாவில் பிறந்தது. ஹெரால்ட்தான் நம் வண்டலூர்ப் பிள்ளை. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் அதைச் செய்தது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப், உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிகலோட்டி, காய்ந்த வெயில் மட்டும் செங்கல்பட்டு வெயில். இன்ஜின் 948 சி.சி.தான். ஆனால் பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்தே முன்பக்கம் கவிழ்ந்துகொள்ளும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு டீ குடித்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுசாகத் திரும்பிவிடும். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளுக்கு இதைவிடத் தோதான கார் இருக்கிறதா என்று தங்கள் பொறியாளர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது என்று சேர்த்துக் கேளுங்கள். இறங்கும்போது வளைவில் வேகம் காட்டினால், பின்னால் தனித்தனியாக ஆடும் ஆக்சில் ஒரு பக்கம் மடங்கி, டிரைவருக்கு உடனடியாகக் குலதெய்வ ஞாபகம் வந்துவிடும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஒரே தண்டாக ஆக்சில் போட்டு 1972இல் கசல் என்று ஒரு காரை விட்டார்கள். 1977இல் அதுவும் நின்றது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று பெரிய கார் ஒன்று கொண்டுவந்தார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தக் கதையும் முடிந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் கார் தேடுகிறவன் காரைத் தேடக் கூடாது. அந்தக் காலத்தில் யாரிடம் கார் இருந்திருக்கும் என்று தேட வேண்டும். ரைஸ் மில் முதலாளி, டூரிங் டாக்கீஸ் ஓனர், ஊருக்கு ஒரே எம்.பி.பி.எஸ். டாக்டர், ரோடு காண்ட்ராக்டர், கரும்பில் காசு பார்த்த பெரிய பண்ணை. சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், மூங்கில்துறைப்பட்டு என்று டீக்கடை டீக்கடையாக இந்தப் பட்டியலை விசாரித்தால், "மில்லுக்கார வூட்ல ஒரு வண்டி நிக்குதுங்க" என்று யாராவது சொல்வார்கள். நிற்கிறது என்றால் நிஜமாகவே நிற்கிறது, எண்பதுகளில் நின்றது. போய்ப் பார்த்தால் மாட்டுக் கொட்டகைக்குள் மணிலா மூட்டைகளுக்கு அடியில் ஒரு கூரை தெரியும். பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருக்கும். "விக்கிறீங்களாம்மா?" என்று கேட்டால் வீட்டுப் பெரியம்மா, "அது அவரு வண்டி தம்பி" என்பார். அவர் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். அதற்குமேல் பேச நமக்கு நா எழாது. பேசுகிற ஆள் பின்னாலேயே வருவார், மகன். "யூடியூப்ல பாத்தேன், இதெல்லாம் முப்பது லட்சம் போவுதாமே?" என்பார். நாம் வாசல் மிதிக்கும் வரை காயலான் கடை விலையில் இருந்த வண்டி, நாம் 'பழைய கார்' என்று வாய் திறந்த நொடியில் பங்களா விலைக்குப் போய்விடும்.

முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பாரி. அவன் பெண்களுக்கு வாழ்வு தேடி அலைந்த கபிலர் கடைசியில் வடக்கிருந்ததாகச் சொல்லும் குன்று, எங்கள் மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றுக்குள் இருக்கிறது. அந்த மண்வாகோ என்னவோ, இங்கே கோவைக்கொடிக்கு அம்பாசடர் கொடுத்தவர்களும் பிரண்டைக்கு பியட் கொடுத்தவர்களும் ஏராளம். அவர்களைப் பாட ஆளில்லை. தங்கள் கொள்கைப்படி அவர்கள் வைத்திருப்பது பழைய இரும்பு.

இந்தத் தேடலில் சிக்கியவை இரண்டு. முதலாவது, மலையடிவாரக் கிராமம் ஒன்றில் புளிய மரத்தடியில் நிற்கும் 1966 ஹெரால்ட். பதிவெண் எம் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முந்தைய சென்னை மாநிலத்து வண்டி. பதிவானபோது அது தென்னாற்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். 1993இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், வண்டி விழுப்புரத்துக்குப் போனது. 2019 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள், கள்ளக்குறிச்சிக்கு வந்தது. ஒரு மாநிலப் பெயரையும் மூன்று மாவட்டங்களையும் கடந்த அந்த வண்டி, இத்தனைக்கும் புளிய மரத்தடியை விட்டு ஒரு சாண் நகரவில்லை. அதன் ஆவணம் எங்கே என்று கேட்டால், ஒவ்வோர் ஊரிலும் அடுத்த ஊரைக் கைகாட்டுகிறார்கள். கையால் எழுதிய ஆர்.சி. புத்தகத்தைத் தங்கள் 'வாகன்' கணினிக்குள் ஏற்ற பேக்லாக் என்ட்ரி போட வேண்டுமாம். போடலாம். கரையான் எந்த வரிகளை விட்டுவைத்திருக்கிறதோ அந்த வரிகளைப் போடலாம்.

50 வயது தாண்டியதால் இந்த ஹெரால்டுக்கு விண்டேஜ் தகுதி உண்டு. மகிழ்ச்சி. ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது, அசல் வடிவம் அப்படியே இருக்க வேண்டும் என்கிறது விதி. ஐயா, இந்த நாட்டில் ஒரு கார் ஐம்பது ஆண்டு தாக்குப்பிடித்ததே மாற்றியதால்தான். பெட்ரோல் விலை ஏறியபோது அம்பாசடருக்கு மெட்டடார் டீசல் இன்ஜின் வைத்தோம். அதுவும் கட்டுப்படியாகாதபோது டிக்கியில் சமையல் சிலிண்டர் வைத்தோம். ஸ்பேர் கிடைக்காதபோது லேத் பட்டறையில் கடைந்து மாட்டினோம். மேற்படி ஹெரால்டின் இன்ஜின் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்கப் போனதாகக் கேள்வி. வெள்ளைக்காரர்கள் காரைக் கண்ணாடி அறைக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கலாம். நாங்கள் வேலை வாங்கிக் காப்பாற்றினோம். டேஷ்போர்டும் இற்றுப்போயிருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத் தச்சர்கள் எங்கள் கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறார்கள். வாகை மரத்தில் அற்புதமாக இழைத்துக் கொடுப்பார்கள். ஓரத்தில் ஒரு பிள்ளையாரைச் செதுக்கிவிட்டால் அசல் வடிவம் கெட்டதாகக் கொள்ளப்படுமா? பிள்ளையார் மூஞ்சூறில் இருந்து இறங்கி ஹெரால்டில் ஏறுவது கணிசமான மாறுதல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது வண்டி 1977 கசல். ஆர்.சி. சுத்தம், இன்ஜின் அசல், துருகூடக் குறைவு. அதன் ஒரே குற்றம் பிற்காலத்தில் பிறந்தது. 2027 வரை அது விண்டேஜ் ஆகாது. அதுவரை அது என்ன? இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. தனியார் காரை 15 வயதில் உடைத்தே தீர வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லை. அரசு வண்டிகளுக்குத்தான் 2023 ஏப்ரல் முதல் அந்தத் தண்டனை. எங்களுக்குக் கட்டணம் மட்டும்தான். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்ததை 2022இல் 5,000 ஆக்கினீர்கள். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினீர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை. இன்றைய கட்டணத்தில் கணக்குப் போட்டால், ஒரு கார் 15இல் இருந்து 50க்கு நடந்து போக 65,000 ரூபாய் சுங்கம். வழியில் மனம் மாறி உடைக்கக் கொடுத்துவிட்டால் புது வண்டி வாங்க வரியில் 25 சதவீதம் வரை சலுகை. உடைத்தால் பரிசு, வைத்திருந்தால் அபராதம், இரண்டையும் சகித்து 50ஐத் தொட்டுவிட்டால் பாரம்பரியச் சின்னம் என்று மாலை. மாலை போடும் கையிடம் ஒரே ஒரு கேள்வி: நடுவிலுள்ள 35 ஆண்டுகள் அந்த வண்டியை யார் வீட்டில், யார் செலவில் வைத்திருப்பதாக உத்தேசம்?

இதுவரை வைத்திருந்தது அந்தப் பெரியம்மாதான். தங்கள் கோப்பில் அவர் பெயர் இல்லை. எந்த ஊர்க் காவல் நிலையத்தையும் இந்த வகையில் சேர்க்கலாம். மதுவிலக்கு வழக்கில் பிடித்த வண்டிகள் அங்கே வேரோடி நிற்கின்றன. பிடித்த வாகனத்தை நெடுநாள் நிலையத்தில் போட்டு வைக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. அது வேறு அமைச்சகத்து வேப்பமரம், விட்டுவிடுகிறேன்.

சரி, எப்படியோ விண்டேஜ் பதிவும் வாங்கிவிட்டேன் என்று வையுங்கள். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், டிஎன் விஏ என்று மிடுக்காக எண் வரும். அதை எங்கே ஓட்டலாம்? அன்றாடப் பயணத்துக்குக் கூடாது. வாடகைக்கும் கூடாது, ஆகவே கல்யாண ஊர்வலமும் சினிமா ஷூட்டிங்கும் போச்சு. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, விண்டேஜ் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் செல்லலாம். இந்த விதியை எழுதியவர் பழைய கார் வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும். பழைய கார் வேறு எங்கே போகும்? பெட்ரோல் பங்க், அதைவிட்டால் மெக்கானிக் ஷெட். நடுவழியில் நின்றுபோய், பானெட்டைத் திறந்து வைத்து, நான்கு பேர் குனிந்து பார்த்து, ஐந்தாமவர் "பாயின்ட் அடைச்சிருக்கும்" என்பதைத் தொழில்நுட்ப ஆராய்ச்சி என்று கொள்ளலாம். சுற்றி நிற்கும் சிறுவர்களோடு அதுவே கண்காட்சியும் ஆகிவிடும். பேரணிதான் இடிக்கிறது. சென்னையிலோ கோவையிலோ நடக்கலாம், கள்ளக்குறிச்சியில் ஏது? ஒரே வண்டி ஒருநாள் முன்னும் பின்னும் போவதைப் பேரணியாக ஏற்க விதியில் இடமிருக்கிறதா என்று அன்புடன் வினவுகிறேன்.

மலைமேல் பெட்ரோல் போடப் போவதாகச் சொல்லி ஏறிவிடலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. ஆனால் வெள்ளிமலை, கரியாலூர் தாண்டி உள்ளே போகப் போக, கார் ஆசையைச் சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த கல்வராயன் மலையை அரசு எடுத்துக்கொண்டது 1976இல். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, அங்குள்ள மக்களுக்குச் சாலை எங்கே, வசதி எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. உடம்புக்கு முடியாதவரைத் தூளி கட்டித் தூக்கி வருகிற ஒற்றையடிப் பாதையில் என் 25 அடி வட்டத்துக்கு வேலையில்லை. தங்கள் பெயரில் போக்குவரத்துக்கு முன்னால் சாலை என்றுதான் இருக்கிறது. அந்த வரிசையிலேயே வேலை நடந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கார் காத்திருக்கும், அதற்கு நல்ல பழக்கம்.

ஆகவே, 15க்கும் 50க்கும் நடுவில் ஒரு காருக்கு என்ன பெயர் என்று தெளிவுபடுத்தி, அதுவரை அதன்மேல் மணிலா மூட்டை அடுக்கியாவது காப்பாற்றியவர்களிடம் கட்டணம் கேட்பதை நிறுத்தி, மேற்படி ஹெரால்டின் பூர்வீக மாவட்டம் எது என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இன்னும் கார் வாங்காதவன்.

இணைப்பு: ஆர்.சி. புத்தக நகல் (கரையான் விட்டுவைத்த அளவில்).

நகல்: மேற்படி மாட்டுக் கொட்டகை வாகனத்தின் பின் சீட்டில் தற்போது குடியிருக்கும் கோழிக்கு, தகவலுக்காக. குஞ்சு பொரிக்கும் வரை காலி செய்யத் தேவையில்லை.