உப்பிய பலகை தொடர்பாக

பெறுநர்: செயற்குழு, அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்
பொருள்: தரைத்தள லிஃப்ட் முகப்பின் அலங்காரப் பலகை மழைக்காலத்தில் பருத்தது தொடர்பாக
பார்வை: வாட்ஸ்அப் குழுவில் வந்த படம்

அலங்காரப் பலகை அடிக்குமுன் பார்க்க வேண்டியது சுவரை, படத்தை அல்ல. லிஃப்ட் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் கசியும் குளியலறைக் குழாய் போகிறது. அடியில் அரையடிக்கு ஓதம் ஏறியிருக்கிறது. போதாக்குறைக்குத் தினமும் காலையில் ஃபினாயில் தண்ணீரோடு மாப் வந்து முட்டுகிறது. இந்த இடத்துக்கு மாண்புமிகு செயற்குழு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது எம்.டி.எஃப். தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். ஓதத்துக்கு மட்டும் நகல் அனுப்பப்படவில்லை.

எம்.டி.எஃப். மட்டமான சரக்கு அல்ல. மரநாரைப் பசையோடு கலந்து சூட்டில் அழுத்திச் செய்வது. ரேகையோ கணுவோ கிடையாது என்பதால் சி.என்.சி. மெஷினில் வரிவரியாகப் பள்ளம் வெட்டினாலும் சிம்பு பெயராது. பெயிண்ட் வழவழவென்று உட்காரும். அதே வேலைப்பாட்டை ப்ளைவுட்டில் வெட்டினால் அடுக்குகள் பல்லை இளிக்கும். ஆனால் எம்.டி.எஃப்.-இன் முகம் எவ்வளவு வழவழப்போ, வெட்டிய ஓரத்துக்கு அவ்வளவு தாகம். டீயில் முக்கிய பொறை கதிதான்: கீழ் ஓரம் முதலில் கருக்கும், பிறகு உதடு பிதுங்குவதுபோல் வெளியே தள்ளும், கடைசியில் பெயிண்ட் செதில் செதிலாக விடும். எச்.டி.எச்.எம்.ஆர். என்று விற்கும் அடர்பலகை இதையே கொஞ்சம் நிதானமாகச் செய்யும்.

ப்ளைவுட்டுக்குப் பசைதான் ஜாதகம். ஐ.எஸ். 303 முத்திரையோடு வரும் எம்.ஆர். ரகம் காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. கூட்டத்தில் அந்த இரண்டு எழுத்தும் ‘மழைக்கும் ரைட்’ என்று விரிக்கப்பட்டதாகத் தெரிகிறது. ஐ.எஸ். 710 மரைன் ப்ளைவுட்டின் பசையோ 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிடியை விடக் கூடாது. லிஃப்ட் முகப்பில் யாரும் ரசம் வைக்கப் போவதில்லை என்று அந்தச் செலவைப் பொருளாளர் அடித்துவிட்டார். இந்தச் சுவரில் வெனீர் ஒட்டுவதானால் அடியில் மரைன் ப்ளைவுட்தான் தேவைப்படும்.

டபிள்யூ.பி.சி. என்று கடையில் கிடைப்பதில் பல, பி.வி.சி. நுரைப் பலகைகளே, மரத்தூள் பேருக்கு. மாப்பும் கறையானும் அதனிடம் தோற்கும். வெயிலிடம் அது தோற்கும்: மேற்கு ஜன்னலோரத்தில் இடைவெளி விடாமல் அடித்தால் நீண்டு நெளியும். எரிந்தால் வரும் புகையும் பொல்லாதது. எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய படிக்கட்டு வழியில் அதை யோசித்துத்தான் அடிக்க வேண்டும். சிமென்ட் ஃபைபர் போர்டு எரியாது, உப்பாது. அழகாக மட்டும் இருக்காது. அதைப் பெயிண்ட்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, குழாய்க் கசிவை அடைத்தபின் இந்தச் சுவருக்குக் கீழே ஒன்றரையடி சிமென்ட் போர்டு அல்லது டைல்ஸ். அதற்கு மேலே, சுவரைத் தொடாமல் ரீப்பர் சட்டத்தில், செயற்குழு ஆசைப்பட்ட அதே எம்.டி.எஃப். அதற்கு முன் ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால் போதும். உள்பக்கம் வியர்த்திருந்தால் பலகை வாங்கும் நாள் இன்னும் வரவில்லை. இச்சோதனைக்கான செலவு, சென்ற கூட்டத்தின் பஜ்ஜிச் செலவைவிடக் குறைவு.

இணைப்பு: உப்பிய பலகைத் துண்டு 1 (ஒரு வாரம் வெயிலில் காயவைக்கப்பட்டது, பழைய பருமனுக்குத் திரும்பவில்லை).