பீடோரில் ஒரு யூமாஸ்க்

எங்கள் கணினிக் கிளஸ்டரின் சேமிப்பகத்துக்கு ஒரே ஒரு எண் கேட்டார்கள். புதிதாகப் பிறக்கிற ஒவ்வொரு கோப்புக்கும் தலையெழுத்து எழுதுகிற எண் அது, பெயர் யூமாஸ்க். 022 என்று வைத்தால் ஊரே திறந்து படிக்கலாம். 077 என்றால் உரியவரைத் தவிர எவனும் எட்டிப் பார்க்க முடியாது.

மலேசியாவின் பீடோரில் அம்மா வீட்டு வாசலில் கோழி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். இதே கேள்விக்கு இதே வட்டாரத்தில் வெள்ளைக்காரன் இரண்டு பதிலையும் முயன்று பார்த்துவிட்டான்.

முதலில் திறந்த வீடு. 1943 டிசம்பர் கடைசி, பீடோருக்கு மேலே மலைக்காட்டில் பிளாந்தான் முகாம். ஜப்பான்காரனை விரட்டத் துணைக்கு ஆள் வேண்டும். பிரிட்டிஷ் ரகசியப் படையின் ஜான் டேவிசும் ரிச்சர்ட் புரூமும் மலாயா கம்யூனிஸ்டுகளோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். ஆயுதம் உண்டு, பணம் உண்டு, பயிற்சி உண்டு. சிஸ்டம்காரன் பாஷையில் 777, எல்லோருக்கும் எல்லா அனுமதியும்.

எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போட்டவர் பெயர் சாங் ஹோங். அது புனைபெயர், ஆள் கட்சியின் பொதுச் செயலாளர் லாய் தெக்! இந்த மகானுபாவர் முன்பு பிரிட்டிஷாருக்கு உளவு சொன்னவர், அப்போது ஜப்பான்காரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். சர்வ அதிகாரமும் உள்ள ரூட்டே இப்படி என்றால் கதவுக்கு என்ன பூட்டுப் போட்டு என்ன பயன்? 1947இல் கட்சிப் பணத்தோடு கம்பி நீட்டிவிட்டார்.

அந்தப் பேச்சுவார்த்தையில் இருந்த சித்தியவான் இளைஞர் சின் பெங்குக்குப் போர் முடிந்ததும் ஓ.பி.இ. பட்டம் கொடுத்தார்கள். அவர் பிரிட்டிஷாரை எதிர்த்துக் கிளம்பியதும் பட்டத்தை ரத்து செய்தார்கள். பட்டத்தை ரத்து செய்யலாம். காட்டுக்குள் பதுங்கிப்போன துப்பாக்கிகளை எந்த உத்தரவு போட்டு ரத்து செய்வது?

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத்துரைகள் சுடப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது, எண் தலைகீழானது. பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லோருக்கும் படம், கைநாட்டு, அடையாளக் கார்டு. கிளஸ்டருக்கும் உயிர்நாடி இதுதான்: எந்த இயந்திரத்தின் வாசலில் போய் நின்றாலும் ஒரே ஆளுக்கு ஒரே எண் இருக்க வேண்டும்.

1950இல் சைப்ரஸில் நிம்மதியாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஜெனரல் ஹரால்ட் பிரிக்ஸைக் கூப்பிட்டு வந்தார்கள். காட்டோரத்தில் சிதறிக் கிடந்த ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். நம் தோட்டத்து லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து வேலி போட்டார்கள். பிள்ளை லயத்தில் பிறந்தால் வேலியோடுதான் பிறக்கும். யூமாஸ்க் எழுதிய தலையெழுத்தைச் சுமந்துகொண்டு பிறக்கிற கோப்பு மாதிரி.

அவசரகால அதிகாரிகளின் புத்திசாலித்தனத்தைச் சோற்றில்தான் பார்க்க வேண்டும். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுக்கு அரிசி போகக்கூடாது. அதனால் சில இடங்களில் அரிசியே விற்பதில்லை, பொதுச் சமையலில் வேகவைத்த சோறுதான். மறுநாளே ஊசிப்போகும். டின் உணவு வாங்கினால் கடைக்காரர் கையோடு ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சாப்பிடலாம், சேமிக்க முடியாது. படிக்க அனுமதி உண்டு, நகலெடுக்க இல்லை! இவ்வளவு கச்சிதமான அமைப்பை எழுபது வருஷம் கழித்தும் எந்தக் கம்பெனியும் எனக்கு விற்கவில்லை.

பூட்டு ருசி கண்டவன் சும்மா இருப்பானா? 1952இல் தஞ்சோங் மாலிம் பக்கம் கொலைகள் நடந்தபோது, மலாயாவின் ஹை கமிஷனர் ஜெனரல் டெம்ப்ளர் அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு 22 மணி நேரம் ஊரடங்கு போட்டார், அரிசிப் படியையும் குறைத்தார். கடைக்குப் போக மிச்சம் இரண்டு மணி நேரம்.

இத்தனைக்கும் வேலி தாண்டி அரிசி போய்க்கொண்டுதான் இருந்தது. ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்களின் சைக்கிள் குழாய்க்குள் கொட்டி, பால் வாளிக்கு இரண்டாவது அடி வைத்து. வாசலில் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்த காவலருக்கு அகப்பட்டது கொஞ்சம்தான்.

இதெல்லாம் தெரிந்தும் நான் 077 வைத்தேன். மறுநாள் காலையில் ஒரு போன், மதியத்துக்குள் ஒன்பது. "என்னோட வேலைய அவரு பாக்க முடியலண்ணே." எண்ணை மாற்றவில்லை, துரைமார் மாதிரி விறைப்பாக இருந்தேன். மூன்றாம் நாள் எல்லோருக்கும் பொதுவான டெம்ப் டைரக்டரியைத் திறந்து பார்த்தால், ஆளாளுக்குத் தங்கள் கோப்புகளை ஜிப் கட்டி, 777 அனுமதியோடு வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றின் பெயர் 'தயவுசெய்து அழிக்காதீர்கள்'.