எட்டு லட்சமும் எழுபது படியும்

ஏங்கண்ணு, கரண்டு காரு எப்பப் பெட்ரோல் காரு விலைக்கு வரும்னு கேக்கற? நீ ஒருத்தன் மட்டும் கேக்கல. வெலிங்டன் பஜார்ல டீ குடிக்க வர்றவன்ல பாதிப் பேரு இதையேதான் கேக்கறான். கேக்கறவன்ல முக்காவாசிப் பேருகிட்டப் பெட்ரோல் காரும் கெடையாது. ஆனா கவலை மட்டும் ரெண்டு காருக்கும் சேத்துப் படறான்.

சரி, விலையச் சொல்றேன், காதுல வாங்கிக்க. 2020-ல டாடாக்காரன் நெக்சான்ல கரண்டு வண்டி விட்டப்ப ஆரம்ப விலையே கிட்டத்தட்ட 14 லட்சம். 2022-ல டியாகோல விட்டான், எட்டரை லட்சம். பொறவு அதுவும் எட்டு லட்சத்துக்கு எறங்கிருச்சு. எறங்குதா இல்லையா? எறங்குது. பாட்டரி விலை விழுந்துதான் எறங்குது. ஒரு யூனிட் கரண்டைப் புடிச்சு வைக்கற பாட்டரிக்கு 2010-ல ஆயிரம் டாலருக்கு மேல குடுத்தாங்க. 2024-ல 115 டாலர். சீனாக்காரன் இன்னும் கெட்டிக்காரன். அந்த 2024-லயே அங்க வித்த கரண்டு காருல மூணுல ரெண்டு பங்கு, அதே தினுசுப் பெட்ரோல் காரைவிட மலிவாம். நான் சொல்லல, பாரீசுல இருக்கற சர்வதேச எரிசக்தி முகமை சொல்லுது.

அப்பறம் நம்மூருல மட்டும் என்ன கேடு? இருக்குது கண்ணு, வெவகாரம். 2019 ஆகஸ்டுல கரண்டு வண்டிக்கு ஜிஎஸ்டி 12-ல இருந்து 5-ன்னு கொறச்சாங்க. அப்பப் பெட்ரோல் வண்டிக்கு 28, அதுக்கு மேல செஸ்சு. கரண்டு வண்டிக்காரன் சந்தோசமாத்தான் இருந்தான். 2025 செப்டம்பர்ல டெல்லியில கூடிப் பேசி, சின்னப் பெட்ரோல் காருக்கு 18 போதும்னு எழுதிட்டாங்க. அஞ்சு லட்சத்துக்கு இருந்த டியாகோ பெட்ரோலு, ராத்திரி படுத்துக் காத்தால எந்திரிக்கறதுக்குள்ள நாலரைச் சொச்சத்துக்கு வந்து நின்னுச்சு. பாட்டரிக்காரன் பத்துப் பதினஞ்சு வருசமா ராப்பகலா பாடுபட்டு விலையக் கீழ கொண்டாந்தான். ஒரே ஒரு பேனாக் கோடு. எடைவெளி திரும்ப அகண்டு போச்சு. காரு விலைங்கறது பட்டறையில பாதிதான் நிக்குது, மீதி சர்க்கார் மேசையில நிக்குது.

புதுசா என்ன இது? 1952-லயே நம்ம கோயமுத்தூரு ஜி.டி. நாயுடு ரெண்டு பேர் உக்கார்ற பெட்ரோல் காரு செஞ்சாரு. விலை ரெண்டாயிரம் ரூபா. ரெண்டாயிரம்! சர்க்காரு லைசென்ஸ் குடுக்கல. வண்டி மூலையில நின்னுச்சு. அன்னிக்கும் இந்த டீக்கடையில ஒருத்தன் உக்காந்து, காரு எப்பச் சைக்கிள் விலைக்கு வரும்னு கேட்டுருப்பான்.

இன்னொண்ணு கேக்கறேன், மழுப்பாமச் சொல்லோணும். மலிவா வந்தா நெசமாவே வாங்கிருவியா? 2008-ல ரத்தன் டாடா ஒரு லட்ச ரூபா காருன்னு நானோவைக் கொண்டாந்து காட்டுனாரு. ஊரே வாயப் பொளந்துச்சு. வாங்கச் சொன்னா, "ஐயய்யோ, அது ஏழை காரு"ன்னு ஒதுங்கிக்கிச்சு. மலிவு காருன்னு பேரு வச்சதே வம்பாப் போச்சுன்னு அந்தப் பெரிய மனுசனே பொறவு சொன்னாரு. இப்பவும் பாரு, கரண்டு காரு வேணுங்கறவன் எதைத் தேடறான்? கூரைய முச்சூடும் கண்ணாடியாக்கோணும், கதவுப் புடி உள்ள போய்ப் போய் வரோணும், நடுவால டிவி மாதிரி ஒரு பொட்டி வோணும். இம்புட்டையும் கேட்டுட்டு, விலை ஏன் எறங்கலைன்னு நெஞ்சுல அடிச்சுக்கறான்.

அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சிருக்காங்க. 2024-ல எம்.ஜி. கம்பெனிக்காரன் வின்ட்சர்னு ஒரு வண்டி விட்டான். அப்ப வண்டி பத்து லட்சம், பாட்டரி வாடகைக்கு. கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபா. அதுக்கு மேல நீ ஏத்தற கரண்டுக்கு ஒன்றரை ரூபா சேத்துக்க. சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நம்ம பாட்டிமாரு இதுக்குத்தான் சொல்லி வச்சாங்களோ என்னமோ. மொதல்ல கட்டற காசு கொறைஞ்சா மலிவுன்னு எவன்டா உனக்குச் சொன்னது?

விலைய விடு. இந்த மலைக்கு வா. 1993-ல கேரளாவுல லவ்பேர்டுன்னு ஒரு கரண்டு காரு செஞ்சாங்க. சமதரையில சமத்து, மேடுன்னாத் தெணறும். இன்னிக்கி வர்றது அப்பிடி இல்ல. பர்லியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுல பெட்ரோல் வண்டி ஊன்னு அழுதுக்கிட்டு ஏறையில, இது சத்தமில்லாம ஓரங்கட்டிப் போயிரும். ஆனாக் கணக்கு வோணும். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூரு ஒன்றரைக் கிலோமீட்டரு ஒசரம். வண்டியும் ஆளும் மூட்டையுமா ஒன்றரை டன்னுன்னு வச்சுக்க. அதை அலுங்காமத் தூக்கி மேல வைக்கவே ஆறு யூனிட் கரண்டு ஆகும். டியாகோவுல சின்னப் பாட்டரி புடிக்கறதே 19.2 யூனிட்டு. மூணுல ஒரு பங்கை மலையம்மா வாங்கிக்கிட்டா. ஒறைபனி விழற மார்கழியில பாட்டரியும் நம்மளப் போலக் கம்பளிக்குள்ள சுருண்டுக்கும். வெளம்பரத்துல போட்ட கிலோமீட்டரை நம்பிக் கெளம்பாத.

மலையம்மா வாங்குனதுல கொஞ்சம் திருப்பியுங் குடுப்பா. எறங்கையில மோட்டாரே டைனமோவா மாறிக் கரண்டைத் திரும்ப ஏத்தும், பாதிக்குக் கிட்ட. பெட்ரோல் வண்டி மலை எறங்கி ஒரு சொட்டாவது டாங்கிக்குள்ள ஊத்துமா? "இரண்டாவது கியரில் இறங்கவும்"னு போர்டு வச்சிருக்காங்க, இதுல கியரே கெடையாது, காலை எடுத்தாலே வண்டி தன்னால இழுத்துப் புடிச்சுக்கும். ஆனா நம்ம சூட்டிகையான பையன் என்ன பண்ணுவான்? ராத்திரி பூரா செருகி வச்சு, நூத்துக்கு நூறு ஏத்திட்டு, காத்தாலக் கீழ எறங்குவான். பாட்டரி நெரம்பிக் கெடக்குது, வர்ற கரண்டை எங்க வைக்கும்? மோட்டாரு கை விரிச்சிரும். பொறவு பிரேக்கை மிதிச்சு மிதிச்சு, கருகுன வாசத்தோட கல்லாறு போய்ச் சேருவான். மலைமேல இருக்கறவன் எம்பதோட நிறுத்திக்கோணும். இதைக் கம்பெனி ஏசி ரூமுல உக்கார வச்சுச் சொல்லிக்குடுத்தானா உனக்கு?

கரண்டு எங்களுக்கு ஒண்ணும் புதுசில்ல கண்ணு. பைக்காராத் தண்ணி 1930-கள்லயே கரண்டாகிக் கீழ போயிக் கோயமுத்தூரு மில்லை ஓட்டுச்சு. பொறவு குந்தா வந்துச்சு. கரண்டு பொறக்கற ஊரு இது. அதைக் காருக்குள்ள ஏத்தறதுதான் இங்க பெரிய பாடு.

ஏன்னா, உன்ற வீடு எங்க இருக்குது? ரோட்டுக்குக் கீழ எழுபது படி. எதுத்த வீட்டுக்காரனுக்கு ரோட்டுக்கு மேல எழுபது படி. லைன் வீட்டுல இருக்கறவனக் கேக்கவே வேண்டாம். வண்டி நிக்கறது ரோட்டோரத்துல. நம்ம தெருப் பையன் ஒருத்தன் வாங்குனான். சமையக்கட்டுச் சன்னல்ல இருந்து வயர இழுத்து, பக்கத்து வீட்டம்மாவோட முட்டைக்கோசுப் பாத்திக்கு மேல தூக்கிக் கட்டி, எக்ஸ்டென்சன் பாக்சை ஒரு பாலித்தீன் பையில சுத்தி மேல கொண்டு போனான். அந்தம்மா ஒண்ணுஞ் சொல்லல. ராத்திரி காட்டெருமை வந்துச்சு. அது படி எறங்கிக் கோசு திங்க வர்றது வழக்கம். வயரு குறுக்க நிக்குதுன்னு அதுக்கு யாரு சொல்றது? காத்தாலப் பாத்தா பாக்சு ஒரு பக்கம், பையி ஒரு பக்கம், கோசுல நாலு காணோம். அந்தம்மா இப்பவும் ஒண்ணுஞ் சொல்லல, வெளக்கமாத்தை மட்டும் வாசல்ல சாத்தி வச்சிருக்குது.

மழைக்கு மரஞ் சாஞ்சு கரண்டு போறதையும் சொல்லுவாங்க. அதைப் பெருசாச் சொல்ல மாட்டேன். 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர் ஊத்துச்சு. ரோடே சரிஞ்சு கெடந்தப்ப எந்த வண்டி ஓடுச்சாமா?

இப்ப வா, கூட்டிக் கழிப்போம். 2025 செப்டம்பர் விலைப்படி ரெண்டு டியாகோவுக்கும் நடுவால மூணரை வராது, மூணு லட்சத்து நாப்பதாயிரம்னு வச்சுக்க. (கியர் போடாத பெட்ரோல் வண்டியோட வச்சுப் பாத்தா இன்னுங் கொறயும்.) பச்சைத் தேயில கிலோ இருவது ரூபாய்க்குப் போச்சுன்னா, அது பதினேழாயிரங் கிலோ. கிள்ளிப் பாரு, தெரியும். பெட்ரோலு நூறு ரூபாய்க்கு மேல, மலையில லிட்டருக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் குடுத்தா கிலோமீட்டருக்கு ஆறே முக்கால். வீட்டுல கரண்டு ஏத்துனா ஒன்றரை. மிச்சம் அஞ்சு ரூபா. அறுவத்தெட்டாயிரங் கிலோமீட்டர் ஓட்டுனாத்தான் போட்ட காசு திரும்பும்.

நீ எம்புட்டு ஓட்டுவ? கன்டோன்மென்டுல இருந்து குன்னூரு, ஞாயித்துக்கெழமை ஊட்டி, நோம்பிக்கு அன்னூரு மாமியாரூடு. மாசம் ஐநூறு தேறுமா? பதினோரு வருசமாகும் கண்ணு. அந்த வண்டி பாட்டரிக்கு வாரண்டி எட்டு வருசம்.

நம்ம டாக்சிக்காரப் பையன் தெனம் நூறு கிலோமீட்டர் ஓட்டறான். அவனுக்கு ரெண்டே வருசத்துல திரும்பிரும். அவனுக்கு இன்னிக்கே கரண்டு காருதான் மலிவு. ஆனா அவங்கிட்ட மேற்கொண்டு மூணு லட்சம் ஏது? கடன் வாங்குனா வட்டி. சார்ஜ் ஏற ஒரு மணி நேரம் நிறுத்துனா ஒரு சவாரி போச்சு. கடையில ஏத்துனா கரண்டு விலையும் ரெட்டிப்பு. அதனால அவன் வாங்கல. வாங்கறது நீ. மாசம் ஐநூறு கிலோமீட்டர் ஓட்டறவன்.

வாங்கு கண்ணு, நான் வேண்டாங்கல. பூசை போடு, மாலை போடு, போட்டோப் புடி. நாலஞ்சு வருசத்துல புது மாடல் வந்துச்சுன்னு உனக்கு மனசு அரிக்கும், பாதி விலைக்குத் தள்ளி விட்டுருவ. அதை அந்த டாக்சிக்காரப் பையன் வாங்கிக்குவான், இப்பவே சொல்லி வச்சிருக்கேன். வாரண்டிதான் இன்னும் மூணு வருசம் இருக்குமில்ல? கொஞ்சம் பாத்து ஓட்டு, மேல கோடு கீடு போட்டுறாத.