யாருங்க செஞ்சது?

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மேஸ்திரியின் கண் தரைக்குப் போய்விடும். குனிந்து, கதவுக்கடியில் விரலை நுழைத்துப் பார்த்து, ‘ச்சு’ கொட்டுவார். அப்புறம் அந்தக் கேள்வி: “யாருங்க செஞ்சது இது?”

பதில் அவருக்குத் தேவையில்லை.

வேலை என்னவோ சின்னதுதான். இப்போது கட்டுகிற வீடுகளில் கதவு நெலவுக்குக் கீழ்ப்படி வைப்பதில்லை. மூன்று பக்கச் சட்டத்தோடு விட்டுவிடுகிறார்கள். கூட்டிப் பெருக்க வசதி. ஆனால் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மொத்தமும் அந்த இடுக்கு வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. மண்ணோடு, சருகோடு, சில நாள் பூரானோடு. கான்கிரீட் தரையில் ஓர் அலுமினியப் பட்டை அடித்துவிட்டால் போதும். அளந்து, வெட்டி, நாலு துளை போட்டு, பிளக் இறக்கி, ஸ்க்ரூவை முடுக்கினால் தீர்ந்தது.

மேஸ்திரிக்குத் தீராது. முதல் குற்றவாளி ஆசாரி: “கதவை அரை இஞ்சு தூக்கி மாட்டிப்போட்டானுங்க.” பட்டையைத் தரையில் வைத்தால் நடுவில் ஆடும். அடுத்த குற்றவாளி தரை போட்டவர்: “மட்டம் புடிக்கத் தெரியாதவனுங்க. கோயமுத்தூர் ஆளுங்களா?” ஆமாம் என்றால், “அதானே! வேகந்தான் இருக்கும், வேலை சுத்தமிருக்காது.” இல்லைங்க, கேரளத்துச் சித்தூர் ஆள் என்றால், “அதானே! நாளைக்கு நாலு தடவை சாயா குடிக்கப் போவானுங்க.” எல்லையூரான வேலந்தாவளத்து மேஸ்திரிக்குப் பழி போட இரண்டு மாநிலம் கைவசம். 2017-இல் ஜிஎஸ்டி வந்து அங்கிருந்த வரிச் சோதனைச்சாவடியின் வேலை முடிந்தது. இந்தப் பழிச் சரக்குக்கு அதற்கு முன்னாலும் வரி கிடையாது.

டிரில்லை எடுத்ததும் நிம்மதி என்று நினைத்தால், துளை பாதியில் ஜல்லி தட்டி பிட் வழுக்கும். “யாருங்க கான்கிரீட் போட்டது? ஜல்லியா அள்ளிக் கொட்டியிருக்கான்.” ஜல்லி தட்டாமல் பொலபொலவென்று வந்தாலும் கேள்வி அதேதான்: “யாருங்க போட்டது? சிமென்ட்டே இல்லீங்க.” பிளக் துளைக்குள் சுற்றினால் பழி பிளக்கைச் செய்தவன் தலையில். நைலான் பிளக்கை 1958-இல் உருவாக்கிய ஜெர்மானியர் ஆர்தர் ஃபிஷர் ஆயிரத்துக்கு மேல் காப்புரிமை வாங்கியவர். நல்லவேளை, எங்கள் மேஸ்திரி முன்னால் வந்து நிற்கவில்லை. துளைக்குள் தூசி கிடந்தால் எந்தப் பிளக்கும் சுற்றத்தான் செய்யும். ஊதியெடுத்தால்தான், ஸ்க்ரூ இறங்க இறங்க அது விரிந்து கான்கிரீட்டைக் கவ்வும்.

இது அவருக்குத் தெரியாததா? மனசு வைத்தால் அவர் வேலை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆழம் தப்பாமலிருக்க பிட்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைப்பார். சைக்கிள் பம்பைத் துளையில் வைத்து இரண்டு அடி அடிப்பார். வெட்டிய முனை காலைக் கிழிக்காமல் அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி ராவுவார். அந்த நேரத்தில் மட்டும் பேச்சே இருக்காது.

பட்டை உட்கார்ந்த பிறகும் ஒரு மூலையில் காற்று விசிலடிக்கும். எழுந்து வெளியே போவார். வடக்கே வாளையார் மலை, தெற்கே நெல்லியாம்பதி. நடுவில், பெரிய சுவரில் கதவும் படியும் இல்லாமல் விட்ட வாசல்போல, 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகப் பாலக்காட்டுக் கணவாய். “இத்தாப்பெரிய மலையில இங்க மட்டும் சந்து உட்டது யாருங்க?” என்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது.

எனக்கும் சிரிப்பு வருவதில்லை. ஏச்சு வாங்க வேண்டிய ஆசாரி அங்கே இல்லை, தரை போட்டவரும் இல்லை. எதிரே நிற்பது நானும் என் வீட்டுக்காரியும். அவர்களைக் கூட்டி வந்ததும் நாங்கள்தான், எண்ணிக் காசு கொடுத்ததும் நாங்கள்தான். ஆக, அந்தக் கேள்வி சுற்றி வளைத்து எங்களைத்தான் ஏமாளி என்கிறது. கடைசியில், “பழசைச் சரி பண்றதுக்கே அரை நாள் போச்சுங்க” என்று கூலியிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. முன்னால் வந்தவன் செய்த கோளாறுக்கு அவனுக்கும் கொடுத்தோம், இப்போது இவருக்கும் கொடுக்கிறோம்.

திட்டுங்கள் மேஸ்திரி, வேண்டாம் என்று சொல்லவில்லை. துளையை ஊதிவிட்டுத் திட்டுங்கள்.