போலகத்தில் இருந்தபடி பாரிஸ் கடிகாரத்தைத் திருப்புவது எப்படி?

இந்தியாவில்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருப்பும் வழக்கமே இல்லையே, பிறகு எதற்கு இந்தக் கையேடு என்று கேட்பவர் காரைக்கால் பக்கம் தலைவைத்துப் படுக்காதவராகத்தான் இருக்க வேண்டும். 1739-இல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் கணக்கு தீர்ந்தது. கச்சேரி, கருவூலம், கொடிக்கம்பம் என்று எல்லாவற்றையும் கொடுத்தவர்கள், தங்கள் நேரத்தை மட்டும் சில வீட்டு ஹால்களில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துக்குச் சொல்தாவாகப் போய்ப் பென்ஷனோடு திரும்பியவர் வீடு, போன மகன் திரும்பாத வீடு, பிரான்ஸ் மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுத்த வீடு என்று எங்கெல்லாம் சுவரில் இரண்டு கடிகாரம் தொங்குகிறதோ, அவர்களுக்காகத்தான் இது எழுதப்படுகிறது. திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகத்தை மையமாக வைத்துச் சொல்கிறேன். நிரவிக்காரர்களும் கோட்டுச்சேரிக்காரர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. 2026-இல் அது மார்ச் 29, அக்டோபர் 25. ஐரோப்பிய யூனியன் முழுக்க ஒரே நொடியில் நேரம் மாறும். பாரிசில் அப்போது நடு ராத்திரி: மார்ச்சில் 2 மணி சட்டென்று 3 ஆகும், அக்டோபரில் 3 மணி மறுபடி 2 ஆகும். இரண்டு தடவையும் நமக்குக் காலை சரியாக 6.30. பாரிசில் குறட்டை, இங்கே கோலம் போட்டாயிற்று, பால் வந்தாயிற்று, மீன்காரம்மா தெருமுனையில் குரல் கொடுத்தாயிற்று. பிரான்ஸ் தேசத்தின் நேரம் மாறும்போது கண் விழித்துப் பொறுப்பாக நிற்பது போலகம்தான். இந்தக் கௌரவத்தை உணர்ந்து, பல் துலக்கிவிட்டு ஸ்டூலில் ஏறவும்.

ஏறுவது வீட்டுக்காரர், ஸ்டூலைப் பிடிப்பது வீட்டுக்காரி, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்வது சமையலறையிலிருந்து மாமியார். மூவரும் மூன்று பக்கம் சொன்னால் கடிகாரத்தைக் கீழே இறக்கிவிடுங்கள். மார்ச்சில் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும், அதில் சிரமமில்லை. அக்டோபரில்தான் வம்பு. முள்ளைப் பின்னால் சுற்றினால் மெஷின் கெட்டுப்போகும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. அதற்கு விரோதமாக நடக்க வேண்டாம். 6.30-க்குப் பேட்டரியைக் கழற்றி விடுங்கள், 7.30-க்கு மாட்டுங்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பிரான்சே இரண்டு தடவை வாழ்கிறது. உங்கள் கடிகாரம் சும்மா நின்றால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஒரே எச்சரிக்கை: கழற்றிய பேட்டரி ரிமோட்டுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போய்விட்டால் பாரிசில் அடுத்த மார்ச் வரைக்கும் மூன்று மணிதான்.

போனிலேயே தானாக மாறிவிடுமே என்று பேரன் சொல்வான். சொல்லட்டும். அவனை ஸ்டூலைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வித்தியாசக் கணக்கு. கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். எது எப்போது என்று குழம்புகிறவர்கள் உள்ளூர்ப் பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம்: மாங்கனிக்கு மூன்றரை, பொங்கலுக்கு நாலரை. ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையார் கோயிலில் மாங்கனி இறைக்கும்போது எந்த வருஷமானாலும் மூன்றரைதான். சித்திரை முதல் தேதிக்கும் அதே கணக்கு. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் பட்டினச்சேரிக் கடற்கரைக்கு மாப்பிள்ளையாக வரும்போது நாலரை. வீடியோ கால் போட்டுக் காட்டுகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.

சண்டித்தனம் செய்வது தீபாவளி. 2024-இல் அக்டோபர் 31, ஆகவே நாலரை. 2025-இல் அக்டோபர் 20, ஆகவே மூன்றரை. 2026-இல் நவம்பர் 8, மறுபடி நாலரை. விடிகாலை நாலரைக்கு எண்ணெய் தேய்த்து உட்கார்ந்துகொண்டு “கங்கா ஸ்நானம் ஆச்சா தம்பி?” என்று கேட்டால், ஒரு வருஷம் அங்கே மணி ஒன்று, ஒரு வருஷம் மணி பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு மகன் எடுப்பான். ஒன்றுக்கு மருமகள் எடுப்பாள். வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

ராகு காலம் பார்க்கிறவர்களுக்குத் தனிப் பத்தி தேவைப்படுகிறது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாரும் போன் பேசும் நாள். ஞாயிறு ராகு காலம் 4.30 முதல் 6 வரை, யமகண்டம் 12 முதல் 1.30 வரை. நல்ல விஷயம் பேசும்போது நம் ராகு காலத்தையும் தவிர்க்க வேண்டும், பையன் இருக்கும் ஊர்க் கடிகாரப்படி யமகண்டத்தையும் தவிர்க்க வேண்டும் என்பது சம்பந்தி வீட்டுச் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் நாலரை மணி நேரத்தைக் கழித்துப் பாருங்கள்: போலகத்தின் ராகு காலமும் பாரிசின் யமகண்டமும் ஒரு நிமிஷம் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகின்றன. ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு தேசத்துக் கெட்ட நேரமும் தீர்ந்தது. கோடையில் அது கலைந்துவிடும். பாரிஸ் யமகண்டம் நமக்கு மூன்றரைக்கே தொடங்கி ஐந்து வரை ஓடும். அது முடிவதற்குள் நம் ராகு காலம் நுழைந்துவிடும். ஆக மூன்றரை முதல் ஆறு வரை, இரண்டரை மணி நேரம் ஊமை. கல்யாணப் பேச்சைக் குளிர்காலத்தில் எடுப்பது உத்தமம். பகலை எட்டாகப் பங்கு போட்டுத்தான் ராகு காலம் கணிக்க வேண்டும் என்கிற கறார் பேர்வழிகள் இந்தப் பக்கம் வர வேண்டாம். ஜூன் மாதப் பாரிசில் பகல் 16 மணி நேரம். ஒரு பங்கே இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

ஜாதக விஷயம் இதைவிடக் கனமானது. அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலையில் பிரான்சில் 2.30 மணி இரண்டு தடவை வருகிறது. அன்றைக்கு 2.30-க்குக் குழந்தை பிறந்தால் எந்த 2.30? சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லக்னம் மாறுகிற உலகத்தில், ஒரு மணி நேரம் தவறினால் செவ்வாய் எந்த வீட்டுக்குப் போய் உட்காரும் என்று யார் கண்டது? இதற்கு நான் சொல்லும் வழி: குழந்தை அழுததும் ஆஸ்பத்திரியிலிருந்து போலகத்துக்கு ஒரு மிஸ்டு கால். இங்கே மணி ஆறு என்றால் முதல் 2.30, ஏழு என்றால் இரண்டாவது. மார்ச்சில் இந்தத் தொல்லை இல்லை. மாறுகிற ராத்திரியில் பிரான்சில் 2.30 என்ற நேரமே வருவதில்லை. அந்த நேரம் குறித்த ஜாதகத்தோடு யாராவது பெண் கேட்டு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பழைய ஜாதகங்களுக்கும் ஒரு குறிப்பு: பிரான்ஸ் இந்த ஏற்பாட்டை இப்போதைய வடிவில் தொடங்கியது 1976-இல். அதற்குப் பிறகு கோடையில் பிறந்த பிள்ளையின் சர்டிபிகேட்டில் இருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் கழிக்கச் சொல்லி ஜோசியருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எதற்காக இத்தனையும் என்று அப்பாயிகள் கேட்பார்கள். ‘வெளிச்சத்தைச் சேமிக்க’ என்று ஒற்றை வரியில் சொன்னால் விட மாட்டார்கள். இப்படிச் சொல்லுங்கள். 1784-இல் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் அங்குள்ள பத்திரிகை ஒன்றுக்குக் கிண்டலாக ஒரு கடிதம் எழுதினார். ஜன்னல் கதவு சாத்தி வைக்கிறவர்களுக்கு வரி போடுங்கள், மெழுகுவர்த்திக்கு ரேஷன் வையுங்கள், சூரியன் உதித்ததும் தெருவுக்குத் தெரு பீரங்கி வெடித்துச் சோம்பேறிகளை எழுப்புங்கள் என்றார். ஆளை எழுப்பத்தான் சொன்னாரே தவிர, கடிகாரத்தைத் தொடச் சொல்லவில்லை. சிரித்துவிட்டு மறந்தார்கள். 1916-இல், முதல் உலகப் போரில் நிலக்கரி மிச்சம் பிடிக்க ஜெர்மனி நிஜமாகவே கடிகாரத்தைத் திருப்பியது. சில வாரங்களில் பிரான்சும் திருப்பியது. 1940-இல் பாரிசைப் பிடித்த ஜெர்மானியர் பெர்லின் நேரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஜெர்மானியர் போய்விட்டார்கள், நேரம் போகவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடி அதன் மேல் கோடை நேரத்தையும் ஏற்றியது. இப்போது கோடையில் பாரிசில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய 1.50 காட்டுகிறது.

நம் சூரியன் அவ்வளவு மோசமில்லை. மிர்சாப்பூர் பக்கம் ஓடும் 82.5 பாகைக் கோட்டை வைத்து 1906-இல் இந்திய நேரம் வகுத்தார்கள். காரைக்கால் அதற்குக் கொஞ்சம் மேற்கே இருப்பதால் உச்சி வேளை சுமார் 11 நிமிஷம் பிந்தும், அவ்வளவுதான். நம் பகல் ஆனிக்கும் மார்கழிக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மாறுவதோடு சரி. சேமிக்க இங்கே வெளிச்சம் மீதியில்லை. இருந்தும் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இரண்டாம் உலகப் போருக்காகப் பிரிட்டிஷ் இந்தியாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. காரைக்காலைச் சுற்றிலுமிருந்த தஞ்சாவூர் ஜில்லாவில் கோழி ஒரு நேரத்துக்கும் ஆபீஸ் ஒரு நேரத்துக்கும் எழுந்திருக்கும். இலங்கையிலோ 1996-இல் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தபோது ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, சில மாதத்தில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்கு வந்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரம் பொய் சொல்லும். பாரிசின் லா சப்பெல் கடைத்தெருவில் அந்தக் காலத்தைக் கண்ட யாழ்ப்பாணத்துக்காரர் யாரிடமாவது பாரிஸ் நேர மாற்றத்தைப் பற்றிப் புலம்பிப் பாருங்கள், அவர் புன்னகையோடு மாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார்.

சொந்தங்கள் வேறு தேசங்களிலும் இருந்தால் சில சில்லறைக் குறிப்புகள். சிங்கப்பூர் பிள்ளை எப்போதும் இரண்டரை மணி முன்னால். அவனைப் பற்றிக் கவலை வேண்டாம். ரீயூனியன் தீவும் பிரான்ஸ்தான் என்றாலும் அங்கே கடிகாரத்தைத் தொடுவதில்லை; எப்போதும் ஒன்றரை மணி பின்னால். காரைக்கால் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகளுக்கு அந்த ஒரு நிம்மதியாவது கிடைத்திருக்கிறது. லண்டன்காரருக்குக் குளிர்காலத்தில் கணக்கே வேண்டாம்: முள் கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் லண்டன் மணி தெரியும். கனடாவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் என்று வேறு தேதி. இதற்கு மேல் ஒருவர் இருந்தால் மூன்றாவது கடிகாரம் வாங்குவதைவிட அவரையே போன் செய்யச் சொல்வது மலிவு.

இனி நிஜமான கஷ்டத்துக்கு வருவோம். மகன் வேலை முடித்து மெட்ரோ பிடித்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து கூப்பிடுகிறான். கோடையில் நமக்கு அது இரவு 10.30. கடைசி சீரியல் முடிந்து விளம்பரம் ஓடும்போது போன் அடிக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு அதே ஏழு மணி நமக்கு 11.30. டிவியை அணைத்தாகிவிட்டது, நாற்காலியில் சாய்ந்தாகிவிட்டது, கொசுவர்த்தி பாதி எரிந்துவிட்டது. அங்கே பத்திரிகைகளெல்லாம் இன்று ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்று எழுதுகின்றன. அந்தத் தூக்கம் எங்கிருந்து போகிறது என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. போலகத்து அம்மாக்கள் ஐந்து மாதம் தினம் தவணை கட்டுகிறார்கள். “ஏம்மா இன்னும் தூங்கலையா?” என்று அவன் கேட்பான். “இப்பத்தான் படுத்தேன்” என்று சொல்லவும். “உனக்காகத்தான் முழிச்சிருக்கேன்” என்றால் அடுத்த நாளிலிருந்து வாட்ஸ்அப்பில் குட் நைட் பூப்படம்தான் வரும்.

மகனுக்கு அந்த அக்டோபர் ராத்திரி செக்யூரிட்டி டூட்டி, ஓட்டல் டூட்டி என்று ஏதாவது இருந்தால், கூடுதலாக நின்ற ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் போட்டார்களா என்று மறக்காமல் கேளுங்கள். மார்ச்சில் குறைந்ததை எடுத்துச் சொல்ல வேண்டாம்.

இந்த ஏற்பாட்டை ஒழிக்கப்போகிறார்கள் என்ற செய்தியை நம்பி ஸ்டூலைத் தானம் கொடுத்துவிடாதீர்கள். 2018-இல் ஐரோப்பிய ஆணையம் கருத்துக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் போட்டு, 84 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2019 மார்ச் 26-இல் ஐரோப்பியப் பாராளுமன்றம் 410-க்கு 192 என்று ஓட்டுப் போட்டு, 2021-ஓடு முடித்துக்கொள்ளலாம் என்றது. உறுப்பு நாடுகளின் அரசாங்கங்கள் இன்னும் ஒத்துவரவில்லை. ஒழித்தால் எந்த நேரத்தில் நிற்பது, கோடை நேரத்திலா குளிர்கால நேரத்திலா என்பதில்தான் இழுபறி. பிரான்சில் 2019-இல் நடந்த கருத்துக் கேட்பில் 59 சதவீதம் பேர் கோடை நேரம் என்றார்கள். அதாவது, நம் கணக்குப்படி நிரந்தர மூன்றரை.

இங்கேதான் பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான 11-ஆவது தொகுதியில் இந்தியாவும் சேர்த்தி. அடுத்த தேர்தலில் வேட்பாளர் அனுப்பும் மின்னஞ்சலில் பென்ஷன், பள்ளிக்கூடம், விசா என்று எல்லாம் இருக்கும். பதில் எழுதி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஐயா, மூன்றரையா, நாலரையா? நாலரை என்கிறவர் எந்தக் கட்சியானாலும் சரி, போலகத்து ஓட்டு அவருக்கு இல்லை என்று ராத்திரி பதினொன்றரைக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.