ராஜாமடத்து வக்கீலும் அரைப்படி நெல்லும்

பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்து ராஷ்டிரபதி பவன் வரை போன ஆர்.வெங்கட்ராமனைப் பற்றிப் பேச்செடுத்தால் "நம்ம ஊர்க்காரர்" என்று மார்தட்டாதவர் தஞ்சாவூரில் இல்லை. தட்டட்டும். ஊர்க்காரர் ஊருக்கு என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள், உடனே வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார்கள்.

அவர் சாமானிய வக்கீல் இல்லை, தொழிலாளர் வக்கீல். 1942 போராட்டத்தில் சிறை போனவர். 1946-ல் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய், ஜப்பான்காரனுக்கு உதவியதாகக் குற்றம்சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாடிய குழுவில் இருந்தவர். 1949-ல் தொழிலாளர் சட்டத்துக்கென்றே பத்திரிகை தொடங்கியவர். கை சுத்தம் என்றும் பெயர். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். திருடன் ஏமாற்றினால் போலீசுக்குப் போகலாம். உத்தமர்கள் கைவிட்டால் எங்கே போவது?

1952-ல் தஞ்சாவூர் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அதே வருஷம் இன்னொரு வக்கீலான ராஜாஜியின் அரசு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஆணுக்கு நாள் கூலி இரண்டு மரக்கால் நெல், பெண்ணுக்கு ஒன்று. சட்டம் மெட்ராசில் எழுதப்பட்டது. நெல்லை அளந்தது களத்துமேட்டில் மிராசுதாரின் காரியக்காரன். பண்ணை வாரத்துக்கு மரக்கால் கோபுரம் கட்டி நிற்கும், கூலிக்கு என்றால் அவன் உள்ளங்கை விளிம்போடு வழித்துத் தலைதட்டிவிடும். அந்தக் கைக்கு எந்தக் கெஜட்டும் போய்ச் சேரவில்லை.

1957-ல் மறுபடி ஜெயித்தார். ஜெயித்த கையோடு நாடாளுமன்றப் பதவியை விட்டுவிட்டுக் காமராஜர் மந்திரிசபையில் தொழில் அமைச்சரானார். கிண்டிக்குத் தொழிற்பேட்டை, திருவெறும்பூருக்குக் கொதிகலன் ஆலை. கீழத்தஞ்சைக்கு? நெற்களஞ்சியம் என்ற பட்டம் ஏற்கெனவே இருந்தது, போதாதா! அவர் உட்கார்ந்திருந்த மந்திரிசபைதான் 1961-ல் நில உச்சவரம்பு கொண்டுவந்தது. 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். கோயிலுக்கு விலக்கு, அறக்கட்டளைக்கு விலக்கு, தோப்புக்கு விலக்கு. ஒரே இரவில் எத்தனை மிராசுதாருக்குத் தர்ம சிந்தனை பொங்கியது என்கிறீர்கள்! மச்சினன், மைத்துனி, நேற்றுத் தொட்டிலில் போட்ட பேரன் வரை பட்டாதாரர் ஆனார்கள்.

1967 தேர்தலில் காங்கிரஸ் கவிழ்ந்தது. அவர் கவிழவில்லை, டெல்லியில் திட்டக் குழு உறுப்பினர். தொழில், மின்சாரம், போக்குவரத்து, கூடவே தொழிலாளர் துறையும் அவர் பொறுப்பு. 1968 டிசம்பர் 25 இரவு, அவருடைய சொந்த மாவட்டத்தில், கீழவெண்மணியில், கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட குற்றத்துக்காக 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் பெரும்பாலோர். 1973-ல் உயர் நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட மிராசுதாரர்களை விடுவித்தது. அத்தனை வசதியானவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். கார் வைத்திருந்தால் கொலைப்பழி ஒட்டாது என்பது எந்தச் சட்டக் கல்லூரிப் பாடமோ.

மத்தியில் நிதி, பிறகு பாதுகாப்பு என்று வக்கீல் மேலே மேலே போனார். ஏவுகணைகளை ஒவ்வொன்றாகச் செய்யலாம் என்று விஞ்ஞானிகள் திட்டம் கொண்டுவந்தபோது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள் என்று ஊக்கியவர் பாதுகாப்பு அமைச்சர் வெங்கட்ராமன்தான். அப்துல் கலாமே எழுதியிருக்கிறார். ஆக, அவசரப்படத் தெரியாதவர் இல்லை. நிலச் சீர்திருத்தத்துக்குத்தான் நிதானம் தேவைப்பட்டது போலும்.

1991 ஜனவரி 30. குடியரசுத் தலைவர் வெங்கட்ராமன், திருக்குவளைக்காரர் கருணாநிதியின் ஆட்சியைக் கலைத்துக் கையெழுத்திட்டார். ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். தந்தால் என்ன, தராவிட்டால் என்ன? அறிக்கை இல்லாமலும் கலைக்க அரசியல் சட்டத்தின் 356-வது பிரிவில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியே ஒரு மாநில அரசையே வெளியே தள்ளிவிட்டார்கள். சட்டத்தில் சந்து தேடுவதில் அப்படியொரு கெட்டிக்காரத்தனம். அதில் அரைப்படி கூட வெண்மணிப் பக்கம் மிஞ்சவில்லை.