காலி பண்ணாத வூடும் காலியான அட்வான்சும்

வா தம்பி, குந்து. படகோரமா நெழலு கீது பாரு, அங்க. நான் வலையிலேருந்து நண்டைக் கழட்டிக்கினே கேக்குறேன், நீ சொல்லு. உங்கப்பாரு காலத்துலேருந்து எங்க வூட்டுக்காரி கைல மீனு வாங்கற குடும்பம். உனக்கு ஒண்ணுன்னா எனக்கு மனசு கேக்குமா?

பெசன்ட் நகர்ல மாடி வூட்டை வாடகைக்கு வுட்ட. அக்ரிமெண்ட் முடிஞ்சிட்ச்சி, அந்தாளு நவுர மாட்டேங்குறான். அவ்ளோதானே? எப்ப முடிஞ்சிச்சி? போன ஆடியா! அடேங்கப்பா. இவ்ளோ நாளு இன்னா பண்ண? சொல்லிக்கினே இருந்தியா. சரி, மாசாமாசம் அஞ்சாந்தேதி உன் போன்ல வாடகை வந்து வுழுந்திச்சா? வுழுந்திச்சி. திருப்பி அனுப்புனியா? ஏன் தம்பி தலையைச் சொறியுற?

உன் வாயி காலி பண்ணுன்னு சொல்லுது, உன் போனு இருந்துக்கோன்னு சொல்லுது. அவன் எத்த நம்புவான்? சட்டமும் போனைத்தான் நம்புமாம். எம் பேத்தி சட்டம் படிக்குது, அது சொல்லிச்சி. 1882ல வெள்ளைக்காரன் சொத்து மாற்றுச் சட்டம்னு ஒண்ணு போட்டான். கெடு முடிஞ்சப்புறமும் ஓனரு வாடகையைக் கைநீட்டி வாங்கிட்டா, மாசாமாசம் புதுசா வாடகைக்கு வுட்ட மாதிரி அத்தக் கணக்கு வச்சிக்கலாமாம். அதே 1882லதான் எங்க குப்பத்துக்குப் பேரு குடுத்த கர்னல் ஒல்காட் அடையாத்தாண்ட தோட்டம் வாங்கிக்கினு வந்தாரு. அவுரு துட்டு குடுத்து வாங்குனாரு, அவுரை யாரும் காலி பண்ணச் சொல்லல.

கம்பெனிக்காரன் கதை வேற. 1639ல நாயக்கராண்ட கேட்டு இந்தக் கடலோரத்துல ஒரு துண்டு மணலு வாங்கிக் கோட்டை கட்டுனான். 1947 வரிக்கும் அவன் ஆளுங்க பொட்டியக் கட்டல. உன் ஆளுக்கு ஒரு வருசம்கூட சரியா ஆவல, அதுக்குள்ள இன்னா அவசரம்?

கோச்சிக்காத. உன் ஃபிரண்டு இன்னா ரோசனை சொன்னான்? கரண்டைப் புடுங்கு, தண்ணி மோட்டாரை நிறுத்து, அவன் ஊருக்குப் போனப்ப பூட்டை மாத்துன்னா? பலே. தாராளமாப் பண்ணு. இப்போதைக்கு அவன் வூட்டை வுட்டுப் போவாத ஆளு. நீ கரண்டைப் புடுங்குனா, உன்னால கஷ்டப்பட்ட ஆளு ஆயிடுவான். கரண்டு, தண்ணியெல்லாம் யாரும் நிறுத்தக் கூடாதுன்னு வாடகைச் சட்டத்துலயே கீது. பூட்டை மாத்துனியா, 6 மாசத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போயி, உன் வூட்டுக்குள்ள திரும்ப வந்து குந்திக்க அவனுக்கு வழி கீது. ஸ்டேசனுக்குப் போனா ரைட்டரு இன்னா சொல்வாருன்னு உனக்கே தெரியும்: "இது சிவில் மேட்டரு சார்." வேலை மிச்சம்.

இந்த நண்டைப் பாரு. கொடுக்குல நூலு எப்பிடி சுத்திக்கினு கீது? இத்த வெடுக்குனு இழுத்தா காலும் போவும், வலையும் கிழியும். கொடுக்கை ஒரு கையில அழுத்திப் புடிச்சிக்கினு, எந்த நூலு எங்க மாட்டிக்கினு கீதுன்னு பாத்து ஒண்ணொண்ணா எடுக்கணும். உன் ஆளு எந்த நூல்ல மாட்டிக்கினு கீறான்னு பாத்தியா நீ?

முதல்ல அந்த அக்ரிமெண்டைக் குடு. ம். 20 ரூபா பத்திரம், 11 மாசம். போன குடித்தனக்காரன் பேரை அடிச்சிட்டு இவன் பேரைப் போட்டு ஜெராக்ஸ் எடுத்திருக்கான் உன் புரோக்கரு. மூணாம் பக்கத்துல பாரு, இன்னும் பழைய ஆளு பேருதான் நிக்குது. அப்ப காலி பண்ண வேண்டியது யாரு, அவனா? எப்பவோ போயிட்டானே! ஒரு வருசத்துக்கு மேல போனா பதியணும்னு 1908ஆம் வருசத்துச் சட்டம் சொல்லுது. அதுக்குப் பயந்துதான் ஊரே 11 மாசம் எழுதுது. ஆனா 2017ல தமிழ்நாட்டுக்குப் புதுசா ஒரு வாடகைச் சட்டம் வந்திச்சி. 2019 பிப்ரவரி 22லேருந்து நடப்புல கீது. 1960ஆம் வருசத்துப் பழைய சட்டம் போயிட்ச்சி. இப்ப 11 மாசமோ 11 நாளோ, எழுதி வாடகை அதிகார அமைப்புல பதிவு பண்ணி நம்பரு வாங்கணும். நீ வாங்குனியா? பதிஞ்சா வருமான வரிக்காரனுக்குத் தெரிஞ்சிடும்னு வுட்டுட்டியா? சும்மா கேட்டேன், பதில் சொல்லாத.

பதிஞ்சிருந்தா உங்கையில நல்ல ஆயுதம் கீது. கெடு முடிஞ்சும் குந்திக்கினு இருந்தா முதல் 2 மாசத்துக்கு வாடகை 2 மடங்கு, அதுக்கு மேல 4 மடங்கு கேக்கலாம்னு எழுதி வச்சிருக்கான். சிரிப்பு இன்னான்னா, எழுத்துல ஒப்பந்தமே போடலன்னாலும் அத்தையே காரணமாக் காட்டி காலி பண்ணச் சொல்லி மனு போட வழி வச்சிட்டான். சோம்பேறி ஓனருக்கும் ஒரு கதவு. ஆனா ரெண்டுக்கும் நடுவுல, பழைய ஆளு பேரு போட்ட ஜெராக்ஸ் வச்சிருக்கற ஓனருக்கு வக்கீல் பீசு கொஞ்சம் ஜாஸ்தி ஆவும்.

12 வருசம் இருந்தா வூடு அவனுதா ஆயிடும்னு யாரோ பயமுறுத்துனாங்களா? புரோக்கருதானே! வாடகைக்கு வந்தவன் வாடகைக்காரன்தான். உன்னை ஓனருன்னு ஒத்துக்கினு உள்ள வந்தவன், உள்ள குந்திக்கினே உன்னை ஓனரு இல்லன்னு சொல்ல முடியாது. ராத்திரி தூங்கு.

இப்ப நெஜமான நூலுக்கு வரேன். அட்வான்ஸ் எவ்ளோ வாங்குன? 10 மாசமா! 3 மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கினா ஒழியன்னு சட்டம் சொல்லுது. சென்னையில எல்லாரும் வேற மாதிரிதான் ஒத்துக்குறாங்க. அந்தத் துட்டு எங்க? ஏன் கடலைப் பாக்குற? பையன் காலேஜ் அட்மிசனுக்குப் போயிட்ச்சா. ஆங்.

எங்க பக்கம் 'லீசுக்கு'ன்னு ஒண்ணு கீது. உங்க லீசு இல்ல. ஒரு தொகையை மொத்தமா வாங்கிக்கினு வூட்டை வுட்டுடுவான், மாச வாடகை கிடையாது. கெடு முடிஞ்சா தொகையைத் திருப்பிக் குடுத்துட்டு வூட்டை வாங்கிக்கணும். வாங்குன தொகையில பொண்ணு கல்யாணம் முடிஞ்சிருக்கும், இல்ல படகு எஞ்சினு வந்திருக்கும். கெடு நாளுல ஓனரு ஆளையே காணோம். குடியிருக்கறவன் "துட்டைக் குடு, போயிடுறேன்"ன்னு வாசல்ல நிப்பான். தெருவுல போறவங்க காலி பண்ணாத ஆளுன்னு இவனைத்தான் பேசுவாங்க. அவன் போவணும்னுதான் நிக்கிறான்.

உன் ஆளும் அடுத்த வூட்டுக்காரனுக்கு அட்வான்ஸ் குடுக்கணும். உன்னாண்ட 10 மாசம் மாட்டிக்கினு கீது. நீ குடுத்தாத்தான் அவன் பொட்டியக் கட்டுவான். அவன் போனாத்தான் புது ஆளாண்ட வாங்கி நீ குடுப்ப. யாரு முதல்ல?

கிண்டி ரேஸ் கோர்ஸைப் பாத்தியா? 1945ல எழுதிக் குடுத்தது, 160 ஏக்கருக்கு வருசத்துக்கு 614 ரூபா 13 அணா. ஊருல எல்லா விலையும் ஏறிச்சி, அந்த அணா மட்டும் நின்ன எடத்துலயே நின்னிச்சி. சர்க்காரு 730 கோடி பாக்கின்னு கணக்குப் போட்டு, 2024 செப்டம்பர்ல கேட்டுக்கு சீல் வச்சிச்சி. சீலு, அரக்கு, தாசில்தாரு எல்லாம் வச்சிருக்கற ஓனருக்கே அப்புறம் கோர்ட்டு வாசல்தான். உனக்கு இருக்கறது ஒரு ஸ்க்ரூ டிரைவரு, அத்த வச்சிக்கினு ஃபியூசைப் புடுங்கப் போற.

நாங்க மணல்ல வலை காயவைச்சா ஆக்கிரமிப்புன்னு அப்பப்ப யாராவது பேப்பரைத் தூக்கிக்கினு வருவான். எங்களுக்கு எந்த நாயக்கரும் அக்ரிமெண்ட் எழுதல. அது இன்னொரு நாளைக்குப் பேசலாம்.

இப்ப பண்ண வேண்டியதைக் கேளு. வக்கீலை வச்சி, தேதி போட்டு, பதிவுத் தபால்ல நோட்டீசு அனுப்பு. அதுக்கப்புறம் அவன் குடுக்கற துட்டை வாடகைன்னு வாங்காத, வூட்டுல இருக்கறதுக்கான நஷ்டஈடுன்னு எழுதிட்டு வாங்கு. கரண்டு மீட்டராண்ட போவாத. அப்பவும் நவுரலன்னா வாடகைக் கோர்ட்டு கீது, சென்னையில சிறுவழக்கு கோர்ட்டுலதான் நடக்குது.

அதுக்கெல்லாம் முன்னாடி பேங்குக்குப் போ. அட்வான்ஸ் தொகை முழுசா இருந்தா நோட்டீசோட சேத்து, "வூட்டுச் சாவியைக் குடுக்குற அன்னிக்கே செக்கு"ன்னு ஒரு வரி எழுதச் சொல்லு. பாதிப் பேரு அந்த வரியைப் பாத்தே கிளம்பிடுவாங்க. இல்லன்னா முதல்ல கடனோ உடனோ வாங்கி அந்தத் தொகையைச் சேரு. அதுவரிக்கும் அந்தாளை அடாவடிக்காரன்னு ஊருல பேசாத. கடன்காரன் நீதான்.